நீரோடி–விழிஞ்ஞம் கடலில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

மூன்றாவது தடவைதான் நான் கடலுக்குள் போய்ப் பறவை பார்த்தேன். முதல் தடவை அனுமதிக் காகிதம் இல்லை என்று துறைமுக வாயிலேயே திருப்பிவிட்டார்கள். கொடுத்த முன்பணம் போனது போனதுதான். இரண்டாம் தடவை காகிதம் இருந்தது, கடல் விடவில்லை. மூன்றாம் தடவை எல்லாம் கூடிவந்தது. ஆனால் முதல் பறவை வள்ளத்தைத் தாண்டியபோது நான் குனிந்து புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பாறசாலையில். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். களியக்காவிளை, பொழியூர், நீரோடி, தூத்தூர் என்று இந்த எல்லைப் பக்கத்தில் இருந்துகொண்டு, கடற்பறவை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் மாலுமிகள் வைத்த பெயர்களைப் படியுங்கள்

தோட்டத்துக் குருவி கிளையில் உட்கார்ந்து நமக்காகக் காத்திருக்கும். கடலில் அப்படி இல்லை. நம் வள்ளம் அலையின் முகட்டில் ஏறும் நேரமும் பறவை மேலே வரும் நேரமும் ஒத்துப்போனால் மூன்று நான்கு நொடி கிடைக்கும். அதற்குள் இறகு நுனியின் நிறம் பார்க்க முடியாது. எப்படிப் பறக்கிறது, என்ன செய்கிறது, எப்படிக் கத்துகிறது, அவ்வளவுதான் பிடிபடும். பாய்மரக் கப்பல் மாலுமிக்கும் இதே கதிதான். அதனால் அவர்கள் வைத்த பெயர்களில் பாதிக்கு மேல் தூரத்திலிருந்தே தெரியும் குணத்தைச் சொல்பவை. புத்தகத்தின் வண்ணப்படங்களைவிட எனக்கு உதவியது இந்தப் பெயர்கள்தான்.

ஷியர்வாட்டர் என்றால் தண்ணீரை வெட்டுவது. இறக்கையை விறைப்பாக நீட்டி, ஒருபக்கமாகச் சாய்ந்து, கீழ் இறக்கையின் நுனி அலையைக் கீறுவதுபோல் போகும். மலையாளப் பறவைப் பட்டியலில் இதன் பெயர் ‘திரவெட்டி’. திரை என்றால் அலை என்று தெரிந்த நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பு, வெளிறிய அலகு, அலகு நுனி மட்டும் கருப்பு, கால் இளஞ்சிவப்பு என்றால் அது ஃபிளெஷ்-ஃபுட்டட் ஷியர்வாட்டர்.

பெட்ரல் என்ற பெயர் தண்ணீர்மேல் நடந்த புனித இராயப்பரிடமிருந்து (பேதுரு) வந்தது என்பது மாலுமிகள் வழிவழியாகச் சொன்ன விளக்கம். மொழி ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் ஒப்புவதில்லை. ஆனால் வில்சன்ஸ் ஸ்டார்ம் பெட்ரலை ஒரு முறை பார்த்தால் மாலுமிகள் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். கையளவுப் பறவை, எடை 40 கிராமுக்குள். கருப்பு உடம்பு, வால் அடியில் வெள்ளைப் பட்டை. காலைத் தொங்கவிட்டு அலைமேல் தத்தித் தத்தி நடக்கும். இது வந்தால் புயல் வரும் என்று பயந்து ‘மதர் கேரியின் கோழிக்குஞ்சு’ என்றும் அழைத்தார்கள். மலையாளத்தில் இது ‘காற்றிளக்கி’.

பூபி என்பது ஸ்பானிய மொழியின் ‘போபோ’விலிருந்து வந்தது என்பார்கள். பொருள், மடையன். கப்பல்மேல் வந்து உட்காரும், கையால் பிடித்தாலும் ஓடாது, பிடித்துத் தின்றார்கள், அதற்கு மடையன் என்று பட்டமும் கொடுத்தார்கள். நாடி கதையும் அதேதான் (கையில் பிடித்துப் பார்க்கும் நாடி அல்ல, ஆலா, அதாவது டெர்ன் இனத்துப் பறவை). பிரௌன் நாடியின் அறிவியல் பெயர் அனௌஸ் ஸ்டோலிடஸ். முதல் சொல்லுக்கு அறிவில்லாதது என்று பொருள், இரண்டாவதற்கு மந்தபுத்தி. பிரைடில்டு ஆலாவின் அறிவியல் பெயரிலும் ‘உணர்வற்றது’ என்றே இருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. மனிதனைப் பார்த்து ஓடத் தெரியாததுதான் இவை செய்த குற்றம். ஆனாலும் அடையாளம் காண இந்தப் பெயர் உதவும்: தயக்கமில்லாமல் வள்ளத்தை நோக்கியே ஒரு பெரிய பறவை வந்தால் முதலில் பூபியை நினையுங்கள். உடம்பு வெள்ளை, இறக்கையின் பின்விளிம்பு கருப்பு, முகத்தில் கருப்புத் திரை என்றால் மாஸ்க்டு பூபி. பழுப்பு மார்பும் வெள்ளை வயிறும் கோடு கிழித்தாற்போல் பிரிந்திருந்தால் பிரௌன் பூபி. நாடிக்கு வேறு குறி உண்டு. மற்ற பல ஆலாக்களுக்கு வெள்ளை உடம்பில் கருப்புத் தொப்பி, நாடிக்குத் தலைகீழ்: கரும்பழுப்பு உடம்பில் வெளிர்த் தொப்பி. லட்சத்தீவில் கவரத்திக்குப் பக்கத்திலுள்ள பிட்டித் தீவில் இவை கூடு கட்டுகின்றன. 1995இலிருந்து அது பறவைச் சரணாலயம். அங்கே போக நுழைவு அனுமதி தனி, அது வேறு பயணம்.

ஃபிரிகேட் பறவைக்கு வேகமான போர்க்கப்பலின் பெயர். அதற்கு முன் ‘மேன்-ஆஃப்-வார்’ என்றார்கள், அதுவும் போர்க்கப்பல்தான். மற்ற பறவைகளைத் துரத்தி வாயிலிருக்கும் மீனைக் கக்க வைத்துப் பறிப்பதால் வந்த பெயர். போர்த்துகீசியர் சண்டையை விட்டுவிட்டு வாலைப் பார்த்து, பிளவுவாலன் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நமக்கு இரண்டும் வேண்டும்: கருத்த பெரிய உருவம், வளைந்து நீண்ட இறக்கை, கத்திரிக்கோல் வால். இதன் இறகில் தண்ணீர் ஊறும் என்பதால் கடலில் உட்காராது. தண்ணீர்மேல் மிதக்கும் கருப்புப் பறவையைக் காட்டி யாராவது ஃபிரிகேட் என்றால் நம்பாதீர்கள்.

டிராபிக்பேர்டை மாலுமிகள் ‘போசன் பறவை’ என்றார்கள். போசன் என்றால் கப்பலில் விசில் ஊதி ஆட்களை ஏவும் தலைவன், நம் பக்கத்துப் படகுகளில் இருக்கும் ‘ஸ்ராங்கு’க்கு உறவுக்காரன். பறவையின் கீச்சொலி அந்த விசில்போல் இருந்ததாம். வெள்ளை உடம்பும், வாலில் ஈர்க்குபோல் இரண்டு நீண்ட இறகும் தெரிந்தால் சந்தேகமே இல்லை. இங்கே ஒரு பொறி: பழைய மாலுமிகள் ஸ்குவா என்ற வேறொரு கடற்பறவையையும் போசன் என்று அழைத்திருக்கிறார்கள். பழைய குறிப்பில் ‘போசன்’ என்று மட்டும் கண்டு உங்கள் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். ஸ்குவாவின் அறிவியல் பெயரிலோ சாணம் இருக்கிறது. ஆலா பயந்து எச்சமிட, அதைத் தின்னத் துரத்துகிறது என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் ஆலா கக்கும் மீனுக்காகத்தான் துரத்தல்.

கடைசியாக ‘வைடு-அவேக்’, அதாவது முழு விழிப்பு. சூட்டி ஆலா கத்துவது அப்படிக் கேட்டதால் வந்த பெயர். அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவின் விமான தளத்துக்கே அந்தப் பெயர்தான். நம் கடலில் இதையும் பிரைடில்டு ஆலாவையும் குழப்பாதவர் கிடையாது. சூட்டிக்கு முதுகு நல்ல கருப்பு, நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டுக்கு முதுகு சாம்பல்பழுப்பு, வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும்.

இவற்றை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். வள்ளக்காரரிடம் பெயர் கேட்டுப் பயனில்லை என்று நினைத்தேன். “எல்லாம் கடல்காக்காதான் மக்களே” என்றார் எங்களைக் கூட்டிப்போன அண்ணன். அரை மணி நேரம் கழித்து அவரே தூரத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, “அங்க கூட்டமா விழுது பாத்தியளா? அடியில சூரை மீன் ஓடுது” என்று வள்ளத்தைத் திருப்பினார். அன்று பார்த்ததில் முக்கால்வாசி அந்த ஓர் இடத்தில்தான்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

வில்சன்ஸ் ஸ்டார்ம் பெட்ரல் அண்டார்க்டிக் பக்கம் குஞ்சு பொரிப்பது. அங்கே குளிர் இறுகும் மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் வடக்கே வரும். ஃபிளெஷ்-ஃபுட்டட் ஷியர்வாட்டர் ஆஸ்திரேலியப் பக்கத்துக்காரர், அதுவும் அப்படியே. ஆகவே இவை இரண்டுக்கும் நம் தென்மேற்கு மழைக்காலமும் அதன் வாலும்தான் பருவம். அதே மாதங்களில் கேரளக் கரையோரம் அடிக்கடல் நீர் மேலெழும்பி சாளையும் (மத்தி) நெத்திலியும் பெருகும், பறவையும் கூடும். பொமரைன் ஸ்குவா ஆர்க்டிக்கில் குஞ்சு பொரிப்பதால் அதற்கு டிசம்பர் முதல் மார்ச் வரை.

கேட்டால் நான் செப்டம்பர் இரண்டாம் பாதி என்பேன். ஜூன், ஜூலையில் பறவை இருக்கும், ஆனால் புதியவர் கடலுக்குள் போகக் கூடாது. அந்த மாதங்களில் கச்சான் காற்று பலமாக அடித்து ஓய்ந்த மறுநாள் காலை கரையிலிருந்தே பாருங்கள். முட்டம், கோவளம் போன்ற உயரமான பாறைக்கரை போதும், செலவு பஸ் டிக்கெட்தான்.

3. எந்த மாநிலத்துக் கரை?

எல்லைக்காரர்கள் எல்லாரும் வழுக்குகிற இடம் இது. கரையிலிருந்து 12 கடல் மைல் (சுமார் 22 கிலோமீட்டர்) வரை மீன்பிடிப்பு அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ். நீரோடியில் ஏறினால் தமிழ்நாட்டுச் சட்டம், பொழியூரில் ஏறினால் கேரளச் சட்டம். நடந்தால் சில நிமிடத் தூரம், அலுவலகமோ வேறு வேறு. வள்ளத்தின் பதிவெண்ணில் டிஎன் அல்லது கேஎல் என்று இருக்கும். ஏறும் கரையும் பதிவெண்ணும் ஒரே மாநிலமாக இருக்கட்டும். என் முதல் பயணம் இதிலும் சறுக்கியது.

மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றல்ல. தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். கேரளத்தில் விசைப்படகுக்குத்தான் தடை, பாரம்பரிய வள்ளங்கள் போகலாம். இன்னொன்று, ஆகஸ்ட் முதல் வாரத்தில் வள்ளம் கேட்டுப் போகாதீர்கள். இரண்டு மாதம் காத்திருந்தவர்கள் வலையேற்றும் நேரத்தில் பறவை என்று போய் நின்றால் சிரிப்பார்கள்.

4. காகிதங்கள்

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும்: மீன்பிடி வள்ளத்தின் உரிமம் மீன் பிடிக்க, ஆளேற்றிச் சுற்றிக்காட்ட அல்ல. “நம்ம ஆளுதான், ஏறுங்க” என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியதில் 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு யாரும் கண்ணை மூடிக்கொண்டு விடுவதில்லை, விடவும் கூடாது.

வழி இரண்டு. பயணிகளை ஏற்றப் பதிவும் காப்பீடும் உள்ள படகில் போகலாம். அது பெரும்பாலும் கரையோரமே சுற்றும், ஆலா பார்க்கலாம், பெட்ரல் கஷ்டம். அல்லது எழுத்து மூலம் அனுமதி பெற்ற பறவைக் கணக்கெடுப்புக் குழுவில் சேரலாம். நாங்கள் ஆறு பேர் இரண்டாவது வழியில் போனோம். மீன்வளத் துறைக்கு விண்ணப்பம், நகல் கடலோரக் காவல் நிலையத்துக்கும் வனத்துறைக்கும்.

விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியவை: வள்ளத்தின் பெயர், பதிவெண், இன்ஜின் விவரம், வள்ளக்காரர் இருவரின் பெயர், எங்கள் ஆறு பேரின் பெயர், முகவரி, ஆதார் நகல், புறப்படும் இடமும் நேரமும், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், திரும்பும் நேரம், உயிர்காப்பு மேலங்கிகள் எத்தனை, கரையில் தொடர்புகொள்ள ஒருவரின் எண். இதோடு வள்ளத்தின் பதிவுச் சான்று நகலும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும்.

அந்தச் சம்மதக் கடிதத்தில்தான் மாட்டினோம். ஓர் அலுவலகத்தில் 11 நாள் கிடந்த பிறகு, கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை என்று திருப்பினார்கள். ஆக மொத்தம் 23 நாள் ஆயிற்று. நீங்கள் 30 நாள் முன்பே கொடுங்கள். ஒரே தேதி கேட்காமல் “இந்த நாள், கடல் சரியில்லையென்றால் அடுத்த இரண்டு ஞாயிறுகளில் ஒன்று” என்று மூன்று தேதி எழுதுங்கள். எங்கள் இரண்டாம் பயணம் காற்றால் நின்றபோது, ஒரே தேதி கேட்டிருந்ததால் மறுபடி முதலிலிருந்து நடந்தோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள். கேரள அலுவலகத்துக்கு மலையாளத்தில் கொடுத்தால் வேலை விரைவாகிறது, இது என் அனுபவம்.

கடலுக்குப் போகும் நாளில் ஒவ்வொருவரும் அசல் ஆதார் அட்டை வைத்திருங்கள். மீனவர்களிடம் பயோமெட்ரிக் அடையாள அட்டை இருக்கும், நம்மிடம் இருக்காது, அதனால் முதலில் நம்மைத்தான் கேட்பார்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம், விழிஞ்ஞம் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் போனை வெளிநாட்டு உறவினர் தந்தார் என்று கொண்டுவராதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

5. செலவு

எங்கள் கணக்கு இது: எரிபொருளும் இருவர் கூலியும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு வள்ளம் 9,000 ரூபாய். மேலங்கி வாடகை ஆறுக்கு 600. விடிகாலை ஆட்டோ 700. சாப்பாடு, தண்ணீர் 500. நகல், தபால் 180. ஆக 10,980, ஆளுக்கு 1,830. முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். காற்றால் பயணம் நின்றால் அந்தப் பணம் அடுத்த தேதிக்குப் பொருந்துமா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பேரம் பேசி 500 குறைப்பதைவிட, ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கக் கேட்பது லாபம்.

தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். 10x வாங்கினால் வள்ளத்தின் ஆட்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும்.

6. கடலில்

முந்தைய மாலை கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையையும் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். வானம் தெளிவாக இருக்கிறது, காற்று இல்லை என்பதை நம்ப வேண்டாம். தெற்கே வெகுதூரத்தில் கிளம்பிய அலை இங்கே காற்றே இல்லாமல் ஏறிவரும். நம் கரையில் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர், திருடன்போல் சொல்லாமல் வருவதால். எச்சரிக்கை இருந்தால், வள்ளக்காரர் போகலாம் என்றாலும் போகாதீர்கள். 1554 கடலோரக் காவல்படையின் எண், 1093 கடலோரப் பாதுகாப்புக்கு. இரண்டையும் எல்லார் போனிலும் ஏற்றிவையுங்கள்.

வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு முன்பே போடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். வெறும் வயிறு கூடாது, மீன்குழம்பும் கூடாது. இரண்டு இட்லி போதும்.

முந்தின நாள் சந்தையில் சாளைக் குடலை ஒரு டப்பா கேட்டு வாங்கிவையுங்கள், சும்மாவே தருவார்கள். கரை மறையும் தூரத்தில் இன்ஜினை நிறுத்தி, காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் எண்ணெய் படலமாகப் பரவும். பெட்ரல்களுக்கு மோப்பம் நன்றாக உண்டு. நாங்கள் இருபது நிமிடம் காத்தோம். ஒன்றுமில்லை என்று தெர்மாஸைத் திறந்தபோது அந்தப் படலத்தின்மேல் நான்கு காற்றிளக்கி, காலைத் தொங்கவிட்டபடி, வள்ளத்திலிருந்து ஒரு துடுப்புத் தூரத்தில் நடந்துகொண்டிருந்தன. வலையை இழுத்தேற்றும் படகு தென்பட்டால் அதன் பின்பக்கமும் பாருங்கள், ஆனால் வலைக்கு அருகே போகச் சொல்லாதீர்கள்.

7. பதிவு செய்தல்

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் தளத்தில் இதற்கெனத் தனிக் கடற்பயண வகை உண்டு. கரையிலிருந்து 2 மைலுக்கு அப்பால் போனதும் அதைத் தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பட்டியலாக முடியுங்கள். ஆறு மணி நேரத்தையும் ஒரே பட்டியலில் போட்டால் எந்தப் பறவை எங்கே என்று யாருக்கும் தெரியாது. எல்லைக்காரர்களுக்கு இன்னொன்று: கடலில் பார்த்த பறவை, நீங்கள் ஏறிய கரைக்கு அல்ல, அந்தப் புள்ளிக்கு அருகிலுள்ள நிலத்துக்கே கணக்காகும். கேரளத்தில் ஏறிப் பார்த்த என் மாஸ்க்டு பூபி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. ஜிபிஎஸ் தடம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் சண்டை வராது.

8. பறவை கரையொதுங்கினால்

மழைக்காலத்தில் கடற்பறவை உங்கள் தென்னந்தோப்பிலேயே வந்து விழலாம். கடலில் தூக்கி எறிந்தால் பறந்துவிடும் என்று செய்யாதீர்கள், களைத்துத்தான் விழுந்திருக்கிறது. டிராபிக்பேர்ட், ஷியர்வாட்டர் போன்றவற்றுக்குக் கால் உடம்பின் பின்பக்கம் இருப்பதால் தரையில் சரியாக நிற்காது. கால் ஒடிந்துவிட்டது என்று கட்டுப்போட வேண்டாம். ஈரத் துண்டால் அல்ல, உலர்ந்த துண்டால் மூடித் தூக்குங்கள். பூபியின் அலகு விளிம்பு ரம்பம்போல் இருக்கும், கையைக் கிழிக்கும். பெட்ரல் வகைகள் நாறும் எண்ணெயைக் கக்கும், சட்டை போனதுதான். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மீனைத் திணிக்காதீர்கள். எண்ணெய் படிந்திருந்தால் நீங்களே கழுவ முயல வேண்டாம்.

வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நல்ல எண்ணத்தில் வைத்திருந்தாலும். ஒப்படைத்த நாள், நேரம், வாங்கியவர் பதவி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே பறவையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நாங்கள் கொண்டுபோன பூபிக்கு மலையாளப் பெயர் கேட்டார்கள். கடல்வாத்து என்றேன். மறுநாள் போய்ப் பார்த்தால், வாத்துதானே என்று பெட்டிக்குள் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். பறவை நனைந்து மூலையில் ஒடுங்கி நின்றது. ஆகவே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: “வாத்து அல்ல. தண்ணீர் வைக்க வேண்டாம். கடிக்கும்.”